வெள்ளைத் துணியின் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள். ஆசிரியர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஏனென்றால் இதில் முதல் குற்றவாளிகள் நாங்கள்தான்.

2025 ஜனவரி 27ஆம் திகதி புதிய பாடசாலை ஆண்டு தொடங்கியது. முதல் வாரம் வாசல் கடமை எங்களுடையது. சப்பாத்து இல்லாமல் வந்தவர்கள், வெள்ளைக்குப் பதிலாகக் கலர் சட்டை போட்டு வந்தவர்கள், டை கட்டாதவர்கள் எல்லோரையும் ஒரு பக்கமாக நிறுத்தினோம். அதில் எட்டாம் தரத்துப் பிள்ளை ஒன்று. போன வருடத்துக் கவுனை முழங்காலுக்கு மேல் ஏறிய நிலையில் போட்டிருந்தாள். காலில் றப்பர் செருப்பு. "நாளைக்கு ஒழுங்காக உடுத்து வா" என்று சொல்லி அனுப்பினோம். அவ்வளவுதான் சொன்னோம். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒன்பதாவது நாள் நாங்கள் லயத்துக்கு நடந்து போனோம்.

அம்மா பால் வெட்டப் போய்விட்டு வந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறிப்போய் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். "சேர், துணி கெடச்சிருச்சு. தைக்கத்தான் இன்னும் காசு சேரல" என்றார். உள்ளே இருந்து அந்தத் துணியை எடுத்துவந்து காட்டினார். பொலித்தீன் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அரசாங்கம் கொடுத்த இலவசச் சீருடைத் துணி. நாங்களே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த துணி. பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே "வழங்கப்பட்டது" என்று இருக்கிறது.

துணி கிடைத்துவிட்டது, சீருடை கிடைக்கவில்லை. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே மலையிறங்கி வந்தோம். பிறகு கொஞ்சம் தேடி வாசித்தோம். வாசித்ததையும் எங்கள் பக்கத்தில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

தோட்டத்து மக்களுக்கும் துணிக்கும் உள்ள உறவு கடனில்தான் தொடங்குகிறது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவில் இருந்து கங்காணிமார் கூட்டிவந்த சனத்துக்குத் தோட்டம் அரிசி கொடுத்தது, கம்பளி கொடுத்தது. இரண்டும் இலவசம் இல்லை. சம்பளத்தில் கழிக்கப்பட்டன. வரும்போதே வழிச்செலவு முற்பணம் கடனாக நின்றது. அதன் மேல் அரிசிக் கடன், அதன் மேல் கம்பளிக் கடன். கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதபடி 'துண்டு' முறை பிடித்து வைத்திருந்தது. அது 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் சம்பளத்துக்கு முன்னே துணியை வாங்கி, சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் பழக்கம் ஒழியவில்லை. இன்றைக்கும் தீபாவளி முற்பணம் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் மாதாமாதம் கழிபடுகிற காசுதான்.

சப்ரகமுவவில் இந்தக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. நுவரெலியாவைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே தேயிலை இல்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பக்கம் இறப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகல என்று தோட்டங்கள் துண்டு துண்டாக, சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் நிற்கின்றன. மலையகம் என்றால் ஹட்டன், தலவாக்கலை என்றுதான் வெளியே தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மலையகக் கணக்கிலும் கடைசி வரியில்தான் வருகிறார்கள். பல தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் தரத்தோடு, ஒன்பதாம் தரத்தோடு முடிகின்றன. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும். நகரத்துப் பாடசாலைக்குப் போனால் சீருடைச் சட்டமும் அங்கே இன்னும் இறுக்கம்.

படிப்பு தோட்டத்துக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் கொடுத்தது. துரைக்கு வேலைக்கு ஆள் வேண்டும். அவரிடமே பிள்ளையைப் படிக்க வைக்கும் பொறுப்பு! விளைவை நீங்களே ஊகிக்கலாம். ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. எட்டு மணிக்கு வரும் பிள்ளை கொழுந்து கூடிய நாளில் பத்து மணிக்கு மலைக்குப் போய்விடும். அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் "சீருடை போட்டீர்களா" என்று கேட்டால் சிரிப்பார்கள். இருந்தது ஒரு சட்டை. அதுவே பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் படுக்கைக்கும்.

1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை நாங்கள் ஒவ்வொரு வருடமும் மேடையில் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான், அவர் இல்லாவிட்டால் எங்களில் பலர் இந்தத் தொழிலில் இல்லை. ஆனால் அந்த இலவசக் கல்வி தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. மூன்று வருடத்தில், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. நாடற்றவர் ஆன சனத்தின் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை வேண்டும் என்று பாராளுமன்றத்தில் குரல் கொடுக்கவும் ஆள் குறைந்துபோனது.

இங்கே எங்கள் சமூகம் பெருமைப்படும் ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். 1960இலும் 1961இலும் தனியார் உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம் பாடசாலைகளின் வளர்ச்சியில் அவருடைய பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெரிய மாற்றத்திலும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. எங்கள் ஊர்ப் பாடசாலை அரசுப் பாடசாலை ஆனது. இரண்டு மைல் தள்ளியிருந்த தோட்டப் பாடசாலை துரையின் பாடசாலையாகவே இருந்தது. இதை முஸ்லிம் ஆசிரியர்களான நாங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது.

1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. அதன் பிறகு, 1977இல் தொடங்கி, தோட்டப் பாடசாலைகளையும் அரசு கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. அந்த 1977ஆம் ஆண்டும் அதற்குப் பிறகு 1981ஆம் ஆண்டும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பது எங்கள் பெற்றோருக்குத் தெரியும். லயங்கள் எரிந்தன. சனம் காட்டுக்குள் ஒளிந்தது. பலர் வன்னிக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். பாடசாலையை அரசு ஏற்ற அதே வருடங்களில்தான் பிள்ளைகள் ஊரை விட்டு ஓடவும் வேண்டியிருந்தது. இதை இன்னொரு நாளைக்கு எழுத வேண்டும். இப்போது துணிக்கு வருவோம்.

'சீருடை' என்ற யோசனையே ஏழைகளிடம் இருந்துதான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. லண்டனில் 1552இல் ஆரம்பிக்கப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிட்டல் என்ற தர்மப் பாடசாலையில், அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு கொடுத்தார்கள். நீலம் மலிவான சாயம். அந்த உடையைப் பார்த்தாலே இது தர்மத்தில் வளரும் பிள்ளை என்று தெரியும். பல நூற்றாண்டுக்குப் பிறகு பணக்காரப் பிள்ளைகளின் கல்லூரிகள் அதே யோசனையை எடுத்து, விலை உயர்ந்த கோட்டு, தொப்பி, டை என்று ஆக்கின. தர்மத்தின் அடையாளம் அந்தஸ்தின் அடையாளம் ஆனது. எங்கள் நாட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த இரண்டாவது வகைதான். பெரிய கல்லூரிகளின் வெள்ளையைப் பார்த்து மற்றப் பாடசாலைகளும் வெள்ளைக்கு மாறின. ஆண்பிள்ளைகளுக்கு வெள்ளை சேட், நீலக் காற்சட்டை, பெரியவர்களானதும் வெள்ளைக் களிசான். பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், டை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு நீண்ட கையும் களிசானும் பர்தாவும், அதுவும் வெள்ளை.

வெள்ளை என்ற இந்த நிறத்தை யார் தெரிவு செய்தார்களோ, அவர்கள் துணி துவைக்கும் ஆட்கள் இல்லை என்பது நிச்சயம். இரத்தினபுரி நாட்டிலேயே மழை கூடிய இடங்களில் ஒன்று. பாதை செம்மண். லயத்துக்கு ஒரு பீலித் தண்ணீர், அதற்குப் பத்துக் குடும்பம். இறப்பர் பால் துணியில் பட்டால் கறுத்துப்போகும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. தேயிலைக் கறையும் அப்படித்தான். அரசு கொடுப்பது ஒரு சோடிக்கான துணி. ஒரு சோடியை வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் இரவு துவைத்து அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டால் காலையில் அரைக்காய்ச்சலாக இருக்கும். புகை மணக்கும். அந்த ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்து எங்கள் முன்னால் உட்காருகிறார்கள். "ஏன் உடுப்பு மணக்குது?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்பதை நாங்கள் கேட்டிருக்கிறோம். நாங்களே நீலம் போட்டு அயன் பண்ணிய சேட்டோடு நின்றுகொண்டு கேட்டிருக்கிறோம்.

இலவசச் சீருடைத் திட்டம் 1990களின் தொடக்கத்தில், ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச காலத்தில் வந்தது. 1980இல் இலவசப் பாடநூல் வந்திருந்தது. பிறகு மதிய உணவு, அதன் பிறகு துணி. பிரேமதாசவின் அரசியலைப் பற்றி எவருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம், எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விடயத்தில் தோட்டத்து மக்களுக்கு ஒரு புதுமை நடந்தது. இலவசக் கல்வி தோட்டத்துக்கு வந்துசேர முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. இலவசத் துணி அப்படி இல்லை. கொழும்புப் பிள்ளைக்குக் கொடுத்தபோதே தெரணியகலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் கொடுக்கப்பட்டது. அதற்குள் தோட்டப் பாடசாலை அரசுப் பாடசாலை ஆகிவிட்டதுதான் காரணம். "சர்க்காருத் துணி வந்திருக்கு" என்று அந்தக் காலத்தில் லயமே பேசியதை எங்கள் வயதுத் தோட்டத்து நண்பர்கள் இன்றும் சொல்வார்கள். சிலருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகத் தங்கள் பெயருக்கு வந்த பொருள் அது. அண்ணனுடையது இல்லை, யாரோ கழித்துப் போட்டதும் இல்லை.

அந்தத் துணி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். நாங்களும் அதைத்தான் போட்டுப் படித்தோம். இரண்டு தவணை தாங்கினால் பெரிய விடயம்.

பிறகு 2015 கடைசியில் ஆட்சியாளர்களுக்கு வேறு யோசனை வந்தது. துணி வாங்கும் பெரிய கேள்விப்பத்திரங்களில் ஊழல் நடக்கிறது, தரம் இல்லை, பெற்றோரே பிடித்ததை வாங்கட்டும் என்று சொல்லி, 2016ஆம் ஆண்டுக்குத் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். அகில விராஜ் காரியவசம் கல்வி அமைச்சர். சொன்ன காரணம் தவறில்லை. வவுச்சரின் பெறுமதி தரத்துக்குத் தரம் வேறுபட்டது. முஸ்லிம் மாணவிகளுக்குக் கூடுதல் துணி வேண்டும் என்பதும் கணக்கில் எடுக்கப்பட்டது. நகரத்துப் பெற்றோருக்கு இது வசதி. நல்ல துணியாகப் பார்த்து, கொஞ்சம் கைக்காசும் போட்டு வாங்கினார்கள்.

தோட்டத்தில் இருந்து பாருங்கள். வவுச்சரை மாற்ற நகரத்துக்கு இறங்க வேண்டும். அன்றைய நாள் வேலை போகும். வேலை போனால் 'பெயர்' போகும். அந்த நேரத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அடிப்படை 450 ரூபாய், வரவும் மற்றக் கொடுப்பனவுகளும் எல்லாம் சேர்ந்தால் 620. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் மட்டும் நஷ்டம் இல்லை, மாதத்தின் வரவு வீதம் குறைந்து கொடுப்பனவும் அடிபடும். மேலே பஸ் காசு, கூட வரும் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி. இலவச வவுச்சரை எடுக்கக் கையில் இருந்து காசு போனது. ஒரு காகிதத்தை மாற்றி வருவதற்குள் அதன் பெறுமதியில் பாதி கரைந்தது என்று அப்போது ஒரு தகப்பன் சொன்னார்.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்கிறோம். எங்கள் பக்கத்துச் சின்ன நகரங்களில் புடவைக்கடைகள் பெரும்பாலும் எங்கள் ஆட்களுடையவை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து மக்களுக்குக் கடனில் துணி கொடுத்தவர்கள். கஷ்ட காலத்தில் கடன் கொப்பியில் எழுதிவிட்டு "சம்பளம் எடுத்தா தாங்க" என்று சொன்ன முதலாளிமார் பலரை எங்களுக்குத் தெரியும். அந்த நன்றி தோட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் வவுச்சர் வந்த சீசனில் சில கடைகளில் துணியின் விலை வவுச்சரின் பெறுமதிக்கு அளந்து தைத்ததைப் போல ஏறி நின்றதையும் கண்டோம். காகிதத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான் விலை. மீட்டர் கேட்டால் சிரிப்பு. அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வதைப் பற்றிக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்த கைகள்தான் அந்தத் துணியை அளந்தன. எல்லோரும் இல்லை. ஆனால் சிலர்.

2019இல் ஆட்சி மாறியது. வவுச்சர் கைவிடப்பட்டு மீண்டும் துணிக்கே வந்தார்கள். அதற்குள் கொவிட். அதற்கும் பிறகு 2022.

2022ஐ நாங்கள் விளக்கத் தேவையில்லை. டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. கொப்பியின் விலை என்ன ஆனது, சப்பாத்தின் விலை என்ன ஆனது என்று பெற்றோராக இருப்பவர்களுக்குத் தெரியும். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாயில் நின்றது. 2021இல் பெரும் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த ஆயிரம் அது. கிடைத்த ஒரே வருடத்தில் அதன் பெறுமதி பாதியாகிவிட்டது. அரசிடம் துணி வாங்க டொலர் இல்லை. சீனா நன்கொடையாகத் துணி கொடுத்தது. 2023ஆம் ஆண்டுக்கு நாட்டின் சீருடைத் தேவையில் 70 வீதம் அப்படி வந்தது. 2025ஆம் ஆண்டுக்கு முழுத் தேவையையுமே சீனா கொடுத்தது. அந்த அம்மாவின் வீட்டில் பொலித்தீன் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது அந்தத் துணிதான். சீனாவில் நெய்து, கப்பலேறி, கொழும்புக்கு வந்து, வலயக் கல்விப் பணிமனைக்கு வந்து, எங்கள் பாடசாலைக்கு வந்து, தலையில் சுமந்து லயத்துக்குப் போன துணி. அவ்வளவு தூரம் வந்தது, பக்கத்துத் தையல் மெஷினுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

அந்த நெருக்கடிக் காலத்தில் ஒன்றை நாங்கள் கவனித்தோம். "எந்த உடுப்பானாலும் பரவாயில்லை, பிள்ளையை அனுப்புங்கள்" என்று எங்கள் பாடசாலையில் பெற்றோருக்குச் சொன்னோம். பிள்ளைகள் கலர் சட்டையில் வந்தார்கள். அந்த மாதங்களில் ஒழுக்கம் கெட்டதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. கணக்கு எப்போதும் போலத்தான் வரவில்லை! அதே 2022 நவம்பரில் நாட்டின் பல பாடசாலைகளில் ஆசிரியைகள் சேலை வாங்கக் கட்டாது என்று வேறு கௌரவமான உடையில் வந்தார்கள். அமைச்சு சேலைதான் என்று நின்றது. பெரிய வாதம் நடந்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம். உடையின் செலவு எங்களைத் தொட்டபோது அது உரிமைப் பிரச்சினை. பிள்ளையைத் தொடும்போது அது ஒழுக்கப் பிரச்சினை. அப்போது இது எங்களுக்கு உறைக்கவில்லை, அந்த லயத்து வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

இப்போது செலவைப் பார்ப்போம். தோட்டத்துக் கணக்கிலேயே, பெயரில் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் இருந்து 2025 வரை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. எங்கள் பக்கம் ஒரு சேட்டும் காற்சட்டையும் தைக்க ஒரு பெயருக்குக் கூட, கவுனுக்கு நூல், பொத்தான், சிப் எல்லாம் சேர்த்தால் அதே அளவு. சப்பாத்து இரண்டு பெயருக்கு மேல். கால்மேஸ், டை, பாடசாலைச் சின்னம், பை, தண்ணிப் போத்தல். மூன்று பிள்ளை படிக்கும் வீட்டில் அம்மாவின் அரை மாதச் சம்பளம் வாசலைத் தாண்டுவதற்கே போகிறது. இதெல்லாம் எப்போது? தை மாதம். தீபாவளி முற்பணம் கழிபட்டுக்கொண்டிருக்கும், பொங்கல் முடிந்திருக்கும். இறப்பர் மரம் இலை உதிர்க்கத் தொடங்கும், பால் குறையும், வேலை நாளும் குறையும். வருடத்தில் கை ஆகக் காய்ந்திருக்கும் மாதத்தில் ஆகப் பெரிய செலவு. பாடசாலை நாட்காட்டி போட்டவர்கள் தோட்ட நாட்காட்டியைப் பார்த்ததில்லை.

உதவி இல்லை என்று சொல்ல மாட்டோம். 2025 தொடக்கத்தில் அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணங்களுக்காக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். சின்னப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக்கு 3,000 ரூபாய் வவுச்சர் கிடைத்தது. இரண்டும் நல்ல வேலை. கிடைத்த வீட்டில் முகம் வேறு மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளைத் தொகையை வைத்துப் பாடசாலையைத் தெரிவு செய்யும்போது, நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் பஸ்ஸில் போகும் தோட்டத்துப் பிள்ளை விடுபட்டுவிடுகிறது. ஏழ்மை பிள்ளையோடு பஸ்ஸில் போகிறது. வவுச்சர் கீழே தோட்டத்துப் பாடசாலையில் நிற்கிறது.

தையல் கூலியைப் பற்றி மட்டும் எந்த அரசும் பேசவில்லை. பிரேமதாச காலத்தில் இருந்து இன்று வரை துணியா வவுச்சரா, உள்ளூர்த் துணியா வெளிநாட்டுத் துணியா என்றுதான் வாதம். தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவோடு தொடங்கிய இலவசச் சீருடை பிறகு வருடத்துக்கு நான்கு சோடியாகக் கூடியது. அங்கே துணியாகக் கொடுப்பதில்லை, தைத்துக் கொடுக்கிறார்கள். தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். அளவு சரியில்லை, தையல் பிரிகிறது என்று அங்கேயும் புகார் உண்டு. ஆனால் பிள்ளைக்குக் கிடைப்பது போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒரு சட்டை, அதைத் தைத்த பெண்ணுக்குக் கூலியும் கிடைக்கிறது. எங்கள் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகளுக்குக் குறைவா? உலகத்துக்கே தைத்து அனுப்புகிறோம். எங்கள் தோட்டங்களில் இருந்தே எத்தனை பெண்பிள்ளைகள் காமெண்டுக்குப் போய் வருகிறார்கள். அவர்களின் தம்பி தங்கைக்குத்தான் தைத்த சட்டை இல்லை.

கென்யாவில் ஒரு ஆய்வு நடந்தது. எஸ்தர் டுஃப்லோ, பஸ்கலின் டுபா, மைக்கல் கிரேமர் மூவரும் செய்தது. ஆரம்பப் பாடசாலையின் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீருடையை இலவசமாகக் கொடுத்தபோது இடைவிலகல் குறைந்தது. பெண்பிள்ளைகளின் இளவயதுக் கர்ப்பமும் இளவயதுத் திருமணமும் குறைந்தன. வேறெதுவும் பெரிதாகக் கொடுக்கவில்லை, உடுப்பு மட்டும். எட்டாம் தரத்துப் பெண்பிள்ளை ஒன்பது நாள் வராமல் வீட்டில் இருந்தால் தோட்டத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் தேடுவார்கள். தெரிந்தவர் ஒருவர் வந்து கேட்பார். அவர்கூட நல்லவராகத்தான் இருப்பார்.

இங்கிலாந்தில் 2021இல் ஒரு சட்டமே போட்டார்கள். பாடசாலைகள் சீருடையின் செலவைக் குறைக்க வேண்டும், பாடசாலைச் சின்னம் பொறித்த உடைகளைக் கட்டாயப்படுத்துவதை ஆகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதன் கீழான வழிகாட்டல் சொல்கிறது. அங்கேயே அப்படி. இங்கே எங்கள் பாடசாலைகளில் பாருங்கள். விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்து நிறத்தில் ரீசேட். மாணவர் தலைவர்களுக்கு வேறு டை. ஆண்டு விழாவுக்கு ஒரு நிறம். ஆசிரியர் தினத்துக்கு இன்னொன்று. எந்த அமைச்சும் கேட்காத செலவுகள் இவை. கூட்டத்தில் கை தூக்கித் தீர்மானம் போட்டவர்கள் நாங்கள். பெற்றோரும் கை தூக்கினார்கள் என்று சொல்லலாம். ஆனால் தோட்டத்து அம்மாமார் அந்தக் கூட்டத்துக்கு வர முடியாது. அது வேலை நாள்.

இந்த வருடம் எங்கள் பாடசாலையில் சில விடயங்களை மாற்றியிருக்கிறோம். அதிபரும் மனமுவந்து ஒத்துக்கொண்டார். வாசலில் உடைக்காக எவரையும் நிறுத்துவதில்லை. ஒரு சோடிதான் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைகள் மழை நாளில் காய்ந்த எந்தச் சட்டையிலும் வரலாம். இல்ல விளையாட்டுக்கு ரீசேட் இல்லை, கையில் நிற ரிபன் கட்டினால் போதும். பத்தாம், பதினோராம் தரம் முடித்துப் போகிறவர்களிடம் நல்ல நிலையில் உள்ள உடுப்பைக் கேட்டு வாங்கி, துவைத்து, அளவு எழுதி, அலுமாரியில் வைக்கிறோம். யாருடையது என்று எழுதுவதில்லை, யாருக்குப் போனது என்றும் எழுதுவதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதை எங்கள் மார்க்கமும் சொல்கிறது, பக்கத்து வகுப்புக் கிறிஸ்தவ ஆசிரியையும் சொன்னார்.

தோட்டத்திலேயே காமெண்டில் வேலை செய்து கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருக்கும் ஒரு தங்கச்சியிடம் பழைய கால் மெஷின் ஒன்று இருந்தது. பெல்ட் மாற்றி எண்ணெய் போட்டுக் கொடுத்தோம். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் பேசினோம். தையல் கூலியை இந்த முறை சதக்காவில் இருந்து கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கா?" என்று ஒருவர் கேட்டார். "பாடசாலைப் பிள்ளைகளுக்கு" என்று தலைவர் சொன்னார், பேச்சு அதோடு முடிந்தது. முதலில் தைத்தது அந்தப் பொலித்தீன் பைத் துணியைத்தான். கீழ் மடிப்பை மூன்று விரல் அகலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னோம், அடுத்த வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

அவள் இப்போது ஒழுங்காக வருகிறாள். வாசலில் எங்களைக் கண்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறாள்.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வளர்ந்து சின்னதாகிப்போன வெள்ளை உடுப்பும் நடக்கக்கூடிய சப்பாத்தும் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். உங்களுக்குக் கிட்ட உள்ள தோட்டப் பாடசாலையின் அதிபரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். சப்பாத்தில் 3, 4, 5 இலக்கம்தான் ஆகக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பொத்தான் விழுந்திருந்தால் பரவாயில்லை, நாங்கள் தைத்துக்கொள்வோம்.